பல்செட்டுக்காரர் வீட்டு உயிரெழுத்துகள்

தையல்காரிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. "அதே அளவுதாங்க" என்று சத்தியம் செய்பவரின் இடுப்பிலும் டேப்பைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் கத்தரியை எடுப்பாள். அப்படிப்பட்டவளின் கணவர், பல்செட் செய்பவர், கண்ணாடி முன் வாயைக் குவித்து "பொர்த்தா, புவர்த்தா, புவெர்த்தா" என்று முணுமுணுத்தால் சும்மா இருப்பாளா?

லத்தீனுக்குப் பேத்தி முறையாகும்படி ஒரு மொழியைச் சொந்தமாக உருவாக்குகிறாராம். பொர்த்தா என்றால் கதவாம். அந்த 'ஒ' ஆயிரம் வருஷப் புழக்கத்தில் என்னவாகும் என்று, பல் அச்சு காயும் நேரத்தில் யோசிக்கிறாராம்.

"கதை விடறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று அக்காவிடம் போனில் பொருமினாள். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். அவரிடம் பேச்சை நிறுத்தினாள். சாப்பாட்டு வேளையில் தட்டை 'ணங்'கென்று வைப்பாள், அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் குளிக்கப் போனதும் அவருடைய போனை நோண்டினாள். வரிசையாகக் குரல் பதிவுகள். பெண் குரல்தான். ஆனால் அவளுடைய சொந்தக் குரல்! சமையலறையிலிருந்து கூப்பிட்டது, மாடிப்படியிலிருந்து கத்தியது. உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். "விவாகரத்துக்குச் சாட்சி சேக்கறாருடி" என்றாள் அக்கா.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம் போனை நீட்டினாள். "என்னைக் கழட்டி விடத்தானே இது?"

"ஐயோ! சொல்லிக் காட்டச் சொன்னா எல்லாரும் சுத்தமாச் சொல்றாங்க. தெரியாமப் பேசும்போதுதான் எழுத்து வாய்ல எப்படித் தேயுதுன்னு புரியுது. சொல்லாம எடுத்தது தப்புதான். கேளு."

போனை வாங்கிப் பதிவுகளை வரிசையாக ஓடவிட்டார். கல்யாணமான புதிதில், "என்னங்க." பிறகு, "ஏங்க." அதற்கும் பிறகு வெறும் "ஏ!"

"என் மொழி பேசப்போற ஆளுங்க ஆயிரம் வருஷம் எடுத்துக்கறதை நீ ஒண்டியா முடிச்சிட்ட."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமே இல்ல. நீ கூப்பிட்டாத்தானே?"

அவளுக்கு அழுகை முட்டியது. அதற்காகச் சந்தேகம் விட்டுவிடுமா? போனைப் பிடுங்கி, எதுவும் பதிவாகாதபடி ஆஃப் செய்து, இடுப்பில் செருகிக்கொண்டுதான் சமையலறைக்குப் போனாள். தட்டைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள்.