பரீட்சைக்கு முதல் நாள்

எனக்கு எண்பத்தேழு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள்.

விக்கிரமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புதான் கடைசி. பரீட்சையில் தேறினால் அரியலூரில் மேலே படிக்கலாம் என்றார் வாத்தியார். பரீட்சைக்கு முதல் நாள் நான் பெரியவளானேன். வீட்டில் தெரிந்தால் வாசல் தாண்ட விடமாட்டார்கள். யாருக்கும் தெரியாமல் குளத்தில் பாவாடையை அலசினேன். பின்னால் அம்மா நின்றாள்.

“எப்பலேர்ந்துடி?”

“காலையிலதாம்மா. நாளைக்குப் பரீட்சைம்மா.”

அம்மா பாவாடையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நான் எதையும் பாக்கல. எழுதிட்டு வந்து சொல்லு.”

மறுநாள் எழுதிவிட்டுத் திரும்பும்போது, தெருமுனையிலேயே அரிவாள் சத்தம் கேட்டது. என்னை உட்கார்த்தக் குடிசை கட்டுவதற்காக மாமா பச்சை ஓலை வெட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க, பெரிய மனுஷி!” என்று சிரித்தார். பக்கத்தில் ஓலை முடைந்துகொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை.

நான் தேறினேனா என்று கேட்டுவர யாரும் போகவில்லை. தேறியிருப்பேன்.

பேத்திக் கண்ணு, பாட்டி எழுதின இதைச் சத்தமா வாசி. எழுத்துல எத்தனை தப்புன்னு சொல்லு.