பொட்டு வைத்த கேமரா

ஜமுனாமரத்தூரிலிருந்து நெல்லிவாசல்நாட்டு ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோகிறவள் திரௌபதி. எதையும் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள். போன மாதம் ஒரு ஆட்டோக்காரன் தானே வந்து உரசிவிட்டு, பழியை இவள் தலையில் போட்டான். "இன்னொரு புகார் வந்துச்சுன்னா ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவேம்மா" என்று மேற்பார்வையாளர் ஜீவானந்தம் கறாராகச் சொல்லிவிட்டார். பெண் வண்டி ஓட்டினால் தப்பும் அவளுடையதுதான் என்று எவன் எழுதி வைத்தானோ! அதனால்தான் வண்டிக்குக் கேமரா மாட்ட மலையடிவாரத்து ஒடுகத்தூருக்கு இறங்கினாள்.

கடைக்காரர் ஆதிலை அரை நாள் படுத்தி எடுத்தாள். முதலில் ஹெல்மெட்டில் மாட்டுகிற கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் புளியமரத்தப் பாத்தா இதுவும் புளியமரத்தத்தான பாக்கும், பாய்?" அது வேண்டாமென்றாயிற்று. "மழை பேஞ்சா இன்னா ஆவும்? சாவி போட்டா தானா ஓடுமா? பேச்சும் பதியுமா?"

"எல்லாம் பதியும்க்கா, என்ன வுட்ருங்க" என்று கும்பிட்டார் ஆதில்.

கடைசியில் தண்ணீர் புகாத சின்னக் கேமரா ஒன்று அவளுக்குப் பிடித்தது. குலுங்காமலிருக்க அடியில் ரப்பர் கொடுத்து, ஹெட்லைட்டுக்கு மேலே அதை முடுக்கினார். ஒயரை டேங்குக்கு அடியில் ஓட்டி பேட்டரியோடு சேர்த்தார். போனில் படம் வந்ததும் கேமரா முன்னால் போய் நின்று தன் முகத்தைத் தானே பார்த்துச் சிரித்தாள் திரௌபதி.

வண்டிக்குப் புதிதாக எது மாட்டினாலும் பொட்டு வைக்காமல் மலை ஏறுவாளா அவள்? அடிவாரக் கோயிலில் நிறுத்தி, ஹெட்லைட்டுக்கு வைப்பதுபோலவே கேமராவுக்கும் நடுக்கண்ணாடியில் மஞ்சளை அப்பி, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தாள்.

ஐந்தாவது வளைவில் எதிரே வந்த ஜீப் இவள் பக்கம் ஏறிவிட்டது. திரௌபதி வண்டியோடு ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தாள். தலை கிறுகிறுத்தது, காதில் ஒன்றும் ஏறவில்லை. ஜீப் ஓட்டிய குமரேசன்தான் தூக்கிவிட்டான். ஆள் கூடியதும் அவன் பேச்சு மாறிவிட்டது. "வளைவுல ஹாரனே அடிக்கலங்க இந்தம்மா!" பத்துப் பேர் ஆமாம் போட்டார்கள். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கிறவள்தான். ஆனால் இன்றைக்கு அடித்தோமா? அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கேமராப் படத்தை ஓட்டிப் பார்க்கவும் பயந்து, இரவெல்லாம் அதையே நினைத்துப் புரண்டாள்.

மறுநாள் குமரேசனின் புகார் ஜீவானந்தத்திடம் வந்தது. மூவரும் அலுவலகத்தில் நிற்க, திரௌபதி போனில் படத்தை ஓட்டினாள். ஒரே சிவப்பு.

"இன்னாம்மா இது, குங்குமச் சிமிழுக்குள்ள வண்டி ஓட்டுனியா?" என்றார் ஜீவானந்தம். குமரேசன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று கடையில் தான் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

"இருங்க சார். பேச்சும் பதியும்னாரு பாய்." போனின் சத்தத்தைக் கூட்டி மறுபடி ஓட்டினாள்.

நீளமாக இரண்டு ஹாரன், அவள் வண்டியுடையது. பிரேக் சத்தம். வண்டி சரிகிற சத்தம். பிறகு தெளிவாகக் குமரேசனின் குரல்: "போன வைடா! உங்கூட பேசிக்கினே வந்து ஒரு அக்காவ இடிச்சிட்டேன்!"

குமரேசன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான். ஜீவானந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரூட்டு உங்களுதுதாம்மா. கிளம்புங்க."

திரௌபதி கிளம்பவில்லை. பின்னுக்குத் தள்ளி அந்த இரண்டு ஹாரனை மட்டும் திரும்பக் கேட்டாள். கண் நிறைந்துவிட்டது.

"அடிச்சிருக்கேன் சார்" என்றாள். "நான் அடிச்சிருக்கேன்."