தொரை கும்பிடும் கோயில்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, சைப்ரஸ் மரங்களுக்கு நடுவில், அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தொரைமார் கட்டிய கல் கோயில் ஒன்று இருக்கிறது. இருபத்திரண்டு வயது வரை நான் அதற்குள் கால் வைத்ததில்லை. நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அங்கே மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை நடக்கும். எங்கள் பெரிய தொரை, அதாவது தோட்டத்து மேனேஜர், தவறாமல் வருவார்.

அப்படி ஒரு ஞாயிறு, "வாடி, அந்தக் கோயில ஒரு தடவ பாத்துட்டு வருவோம்" என்றாள் அம்மா. அறுபது வயதில் இவளுக்கு ஊர் பார்க்கும் ஆசை வந்துவிட்டதே என்று சிரித்துக்கொண்டே கிளம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பாதி மேட்டில் மூச்சு வாங்க நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அம்மாவுக்கு வயதாகி வேலை நின்றுவிட்டது. அப்பா உயிரோடு இல்லை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்காவிட்டால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நாங்கள் இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவை விட வேண்டிவரும் என்று ஆபீஸ் கிளாக்கர் சொல்லிவிட்டாராம்.

"ஆபீசுல தொரையப் பாக்க விட மாட்டேங்கிறாங்க. இங்க புடிச்சு ஒன் பேரப் பதியச் சொல்லிருவோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நுவரெலியாவில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை போய்ச் சேர வேண்டும். தங்க இடமும் பேசியாயிற்று.

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வந்திருப்பியா?"

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நுழைந்தோம். உள்ளே எல்லோரும் சப்பாத்தோடு இருந்தார்கள். பின்னால் எங்காவது ஒதுங்கலாம் என்றால் கேட்டாளா? சாமிக்குக் கிட்டப் போனால்தான் நல்லது என்று முதல் பெஞ்சுக்கே இழுத்துப்போனாள். அந்தப் பெஞ்சுக்குச் சின்னதாக ஒரு மரக்கதவு வேறு. கதவு சாத்திக்கொண்டது. சுவர் முழுக்கச் செத்துப்போன தொரைமார் பேர் பொறித்த பித்தளைத் தகடுகள். எங்கள் ஆள் ஒருவர் பேரும் இல்லை. கல் தரைக் குளிரில் வெறுங்கால் விறைத்தது, எழுந்து ஓடலாமென்றால் முதுகுக்குப் பின்னால் அத்தனை கண்கள்.

கடைசியில் பாதிரியார் அப்பம் கொடுக்க, எல்லோரும் வரிசையாகப் போனார்கள். அம்மாவும் எழுந்தாள். நான் சேலையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைக்கலாமென்று முந்தானையில் முடிந்தாள். பாதிரியார் பதறிவிட்டார்.

"அம்மா, இங்கயே சாப்பிட்டுருங்க. வெளிய கொண்டுபோகக் கூடாதுங்க."

அவிழ்த்து வாயில் போட்டுக்கொண்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவமானத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

பூசை முடிந்ததும் தொரையே எங்களிடம் வந்தார். "நம்ம தோட்டம்தானே? என்னா விஷயம்?"

அம்மா என் மூஞ்சியைப் பார்த்தாள்.

"ஒன்னுமில்லீங்க தொரை. சும்மா கோயில் பாக்க வந்தோம்ங்க" என்றாள்.

அவருக்கு ஒரே சந்தோஷம். வாங்க காட்டுகிறேன் என்று கூட்டிப்போனார். இந்த வண்ணக் கண்ணாடி சீமையிலிருந்து கப்பலில் வந்தது, இந்தத் தொரை காய்ச்சலில் செத்தார் என்று அரைமணி நேரம். அம்மா வெறுங்காலோடு, கையைக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் "ஆமாங்க தொரை, ஆமாங்க தொரை" என்று பின்னாலேயே நடந்தாள். அவமானத்தில் கேட்க வாய் வரவில்லை இவளுக்கு, இனி எந்த ஜென்மத்திலும் கேட்கமாட்டாள் என்று நினைத்தேன். காம்பராவும் போனால் இந்த மனுஷி எங்கே போய்ப் படுப்பாள்?

தொரை காரில் ஏறிவிட்டார். ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"தொரை, எம் பேரப் பதியணும்ங்க. அம்மா காம்பராவுக்காக."

"அப்படியா? நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வா."

கார் திரும்பியதும் அம்மா என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"எவடி ஒன்னயச் சொல்லச் சொன்னா? பயந்துட்டேன்னா நெனச்ச? ஒன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான்டி வாய மூடுனேன். தொலையட்டும் காம்பரா, எம்புள்ள போகட்டும்னுதான்டி!"

படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. தொரையிடம் என் வாயாலேயே கேட்டாயிற்று, இனி மாற்ற முடியாது. இதை அரைமணி நேரம் முன்னால், அந்த வண்ணக் கண்ணாடிக்குக் கீழே நின்றபோது என் காதில் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன்.