சர்க்கரை டப்பாவின் மூடி

அன்பானவர்களே, கைகால் விழுந்தால் ஊருக்கே தெரியும். எனக்குப் போனது ‘அடுத்து என்ன செய்வது’ என்கிற நினைப்பு. அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில் எனக்குப் பக்கவாதம் வந்தது. மூன்று மாதத்தில் கையும் பேச்சும் திரும்பின. தாம்பரம் வீட்டுக்கு வந்து டீ போடப் போனேன். ஸ்டவ்வைப் பற்றவைக்காமலே தண்ணீர் கொதிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். சபையில் நூறு பேருக்கு விருந்து நடத்தியவள் நான். என்னை ஏன் பிழைக்க வைத்தீர் என்று கர்த்தரிடமே சண்டை போட்டேன்.

என் கணவர் தங்கமானவர். அதுதான் தொல்லை. நான் தயங்கினால் போதும், பாத்திரத்தை வாங்கிக்கொள்வார். ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவரிடம் கண்டிப்பாகச் சொன்னார்: “தப்பா செஞ்சாலும் அவங்களே செய்யட்டும் சார். தப்பையும் அவங்களே கண்டுபிடிக்கணும். அதுதான் வைத்தியம்.”

டீ போடும் முறையைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒவ்வொன்றுக்கும் முன்னால், “அடுத்தது என்ன, ஆண்டவரே?” என்று கேட்பேன். என் ஜெபமே அவ்வளவுதான். ஆனாலும் தினம் ஏதாவது விட்டுப்போகும். குடித்தவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

டிசம்பரில் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை. பதினைந்து பேர். டீயை ஹோட்டலில் வாங்கிக்கொள்ளலாம் என்றார் அவர். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இதுவும் முடியாவிட்டால் இனி அடுப்படிப் பக்கமே போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

டீயை இறக்கி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எங்கள் சபைப் போதகரான ஐயர் ஜெபத்தை ஆரம்பித்தார். அவர் ஜெபம் லேசில் முடியாது. இந்தச் சகோதரியின் புத்தியைத் தெளிவாக்கும் என்று அவர் மன்றாடும்போது, என் மூடிய கண்ணுக்குள் சர்க்கரை டப்பா தெரிந்தது. அதன் மூடியை நான் திறக்கவே இல்லை.

ஜெபத்தின் நடுவே எழுந்துபோவது எங்கள் சபையில் யாரும் செய்யாத காரியம். நான் எழுந்து போனேன். சர்க்கரையைப் போட்டுக் கலக்கிவிட்டுத் திரும்பினால், பின்னால் என் கணவர் அழுதுகொண்டு நிற்கிறார்.

“இறக்கும்போதே பார்த்துட்டேன். சொல்லாம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்,” என்றார்.

உள்ளே ஐயர் இன்னும் என் புத்திக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். கர்த்தரோ ஆமென் வரைக்கும் காத்திருக்கவில்லை.

இப்போது சபை விருந்துக்கு மறுபடியும் நான்தான் பட்டியல் போடுகிறேன். ஸ்தோத்திரம். உங்கள் வீட்டிலும் ஒருவர் திகைத்து நின்றால், அவர் கையிலிருப்பதைப் பிடுங்காதீர்கள். அவரோடு சேர்ந்து கேளுங்கள், அடுத்தது என்ன என்று. எனக்குச் சொன்னவர் உங்களுக்கும் சொல்லுவார்.