நல்லா இருக்கேன்னு சொல்லாதீங்க

விபத்து நஷ்டஈடு கேஸ் எடுக்கும் லாயர் ஆபீஸில் கிளார்க் வேலை என்பது, அடிபட்டவரிடம் இன்னும் எங்கெங்கே வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதும் வேலை. ஜார்ஜ்டவுனில் இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். உங்களில் யாராவது கட்டுப்போட்ட காலோடு என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால், என் வாயால் திட்டும் வாங்கியிருப்பீர்கள். மன்னிச்சிடுங்க.

முதல் நாள்

சேகர் நிபோங் திபாலிலிருந்து கடற்பாலம் தாண்டி எங்கள் தீவுக்கு வந்தார். ஃபேக்டரிக்கு மோட்டார் சைக்கிளில் போனவரை லோரி இடித்து, வலது காலுக்குள் இரும்பு வைத்திருந்தார்கள். எட்டு மணி நேரம் நின்று செய்கிற வேலை, இனி முடியாது. சின்னப் பிள்ளைகள் இரண்டு. இந்தக் கேஸை நம்பித்தான் குடும்பம். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தவரிடம், எப்படி இருக்கீங்க தம்பி என்று கேட்டுவைத்தேன்.

"நல்லா இருக்கேன்க்கா, நீங்க?" என்றார்.

டாக்டர் ரிப்போர்ட்

எலும்பு டாக்டரிடம் அனுப்பினோம். கோர்ட் அவர் ரிப்போர்ட்டைத்தான் நம்பும். வலித்தால் வலிக்கிறதென்று சொல்லுங்கள், நல்லா இருக்கேன் என்ற பேச்சே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். ரிப்போர்ட் வந்தது. நோயாளிக்குப் பெரிதாகக் குறை ஒன்றும் இல்லையாம்! போனிலேயே கத்தினேன். மறுபடி அனுப்பி வேறு ரிப்போர்ட் வாங்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. சேகர் சொன்ன காரணம் இது:

"டாக்டர் ரொம்ப நல்ல மனுஷன்க்கா, அவர்கிட்ட போயி எப்படிக் குறை சொல்றது?"

தண்ணீர்மலை

காலை எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, கால் தப்பினால் புருஷன் பால்குடம் எடுப்பார் என்று சேகரின் மனைவி தேவி வேண்டிக்கொண்டாளாம். எனக்குத் தெரியாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படியில்தான் அவர்களைப் பார்த்தேன். பத்துப் படிக்கு ஒருமுறை சேகர் உட்கார்ந்தார். தேவி முதுகைத் தாங்கிக்கொண்டாள். பாலைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த அவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்து, சிரிங்க தம்பி என்றேன். சிரித்தார். அன்றைக்கே ஃபேஸ்புக்கில் போட்டேன். கேஸ் ஞாபகமே வரவில்லை. முட்டாள், வேறென்ன சொல்ல? படம் எடுக்கும்போது தேவி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

"கால் தெரியாம எடுங்கக்கா, நல்ல நாள்ல அது எதுக்குலா?"

கோர்ட்

யார் யாரோ பகிர்ந்து, அந்தப் படம் இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் கைக்குப் போயிருந்தது. கையில் காலிக் குடம், முகம் நிறையச் சிரிப்பு, இடுப்புக்கு மேலே மட்டும். மலை ஏறிய மனிதருக்கு நிற்க முடியாதா என்று கேட்டார். ஏறினேன்ங்க என்று மட்டும் சொன்னார் சேகர். படத்தை யார் எடுத்தது என்று வக்கீல் கேட்டார். பின்வரிசையில் இருந்த என் பக்கம் சேகர் திரும்பவே இல்லை, தெரியாது என்றார்.

அவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதைப் பார்த்த சாட்சி நான். எங்கள் லாயரிடம் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

கால் தேறிவிட்டது என்று தீர்ப்பு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு மேல் ஒன்றும் தேறவில்லை. வெளியே வந்து நான் அழுதேன். அவர்தான் என்னைத் தேற்றினார்:

"விடுங்கக்கா. முருகன்கிட்ட பொய் சொல்லல. இங்கதான் ஒண்ணு சொன்னேன்."

இப்போதெல்லாம் யாராவது எப்படி இருக்கீங்க என்று கேட்டால், வலியைச் சொல்லச் சொல்லி ஊருக்கே பாடம் எடுத்த நானும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்கிறேன்.