கைப்பிடியில் கட்டிய மஞ்சள் துணி

அய்யாவு கோபக்காரர் என்பது மலாயாவில் கெலாங் பாத்தாவைச் சுற்றியிருந்த தோட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். எதற்காகக் கோபப்படுகிறார் என்று கேட்டவர்கள்தான் குறைவு. ஆற்றோரத்து ரப்பர் தோட்டமொன்றில் அவர் கரண்டு வேலை பார்த்தார். தொழிற்சாலை டைனமோ, துரை பங்களா விளக்குகள், தோட்டத்து லாஞ்சுப் படகு, மூன்றும் அவர் பொறுப்பு. மூன்றிலும் அவர் சொல்லைக் கேட்க ஆளில்லை.

அவருக்கு இடது புருவம் கிடையாது. அது போனது சிங்கப்பூரில், கப்பல் பழுதுபார்க்கும் துறையில் வேலை செய்த நாளில். ஒரு கப்பல் அறையில் பியூஸ் அடிக்கடி எரிந்துபோகிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் பியூஸுக்குப் பதில் செம்பு ஆணியைச் சொருகிவைத்தான். விளக்கு அணையாமல் எரிந்தது. சுவருக்குள் கம்பியும் சேர்ந்து எரிந்தது. கூட வேலை பார்த்த சபாபதி அந்த அறைக்குள் இருந்து வெளியே வரவில்லை. இழுக்கப் போன அய்யாவுக்குப் புருவம் போயிற்று. ஆணி சொருகியவன் யாரென்று விசாரணையில் தெரியாமலே போனது. அவன் தன் பக்கத்தில் நின்றே வேடிக்கை பார்த்திருப்பான் என்று அய்யாவு கடைசிவரை நம்பினார். கருகிய ரப்பர் வாசனை அன்றைக்கு அவர் மூக்கில் ஏறியது, பிறகு இறங்கவேயில்லை.

1934இல் துரை லாஞ்சுக்குப் புது மின்பலகை வாங்கினார். அதில் பியூஸ் இல்லை. பித்தளைக் கைப்பிடி வைத்த பிரேக்கர் இருந்தது. கம்பி தாங்கும் அளவுக்கு மேல் கரண்டு ஓடினால் கைப்பிடி தானாகக் கீழே விழும். விழுந்தால் கரண்டு நிற்கும், கம்பி பிழைக்கும். விளக்கு, பம்பு, இஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் கம்பி எல்லாம் அதன் வழியாகத்தான் போயின. ஆகவே அது விழுந்தால் லாஞ்சே நின்றுவிடும். ஆணி சொருக இடமில்லாத சாமான் ஒன்று உலகத்தில் வந்துவிட்டது என்று அய்யாவு அந்த ஒரு வாரம் மட்டும் யாரையும் திட்டாமல் இருந்தார்.

இரண்டாம் மாதத்தில் கைப்பிடி விழத் தொடங்கியது. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பு ஓடும்போதெல்லாம் விழுந்தது. பம்புக்குப் போகும் கம்பி இருக்கைப் பலகைக்கு அடியில் உப்புத் தண்ணீரில் ஊறி, மரத்தில் உரசித் தோல் தேய்ந்திருக்கும் என்று அய்யாவு சொன்னார். ஒரு நாள் லாஞ்சை நிறுத்தினால் பலகையைக் கழற்றிக் கம்பியை மாற்றிவிடலாம் என்றார். அந்த ஒரு நாளைக் கொடுக்க வேண்டியவர் பெரிய கிராணி, அதாவது தோட்டத்துத் தலைமை எழுத்தர், சோமசேகரம். யாழ்ப்பாணத்துக்காரர், தேய்க்காத சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை.

"லாஞ்சை நிப்பாட்டேலாது. விழாமல் இருக்க ஒரு வழி பாரும் அய்யாவு. அதுக்குத்தானே உம்மை வச்சிருக்கு."

"விழறதுதாங்க அதோட வேலை."

"உமக்கு விசரே? வேலை செய்யாமல் விழுகிறது ஒரு வேலையோ?"

மூன்று முறை கேட்டு மூன்று முறையும் இதே பதில். லாஞ்சு ஓட்டும் வேலு வேறு வழி பார்த்தான். கைப்பிடி கீழே வராமல் கயிறு போட்டுக் கட்டினான். அய்யாவு அதை அறுத்து ஆற்றில் எறிந்து, வேலுவின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். வேலு மறுநாள் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, அதே கைப்பிடியை அதே மாதிரி இறுக்கிக் கட்டினான்.

அன்றிலிருந்து கைப்பிடி விழவில்லை. எப்படி விழும், கட்டிப்போட்டால். ஆனால் தோட்டம் முழுக்க, ஆத்தா கேட்டுவிட்டாள் என்று பேச்சாகிவிட்டது. கிராணியும், வேலு நல்ல காரியம் செய்தான் என்றார்.

அய்யாவு மின்பலகை முன்னால் நின்று பல்லைக் கடித்தார். கயிறாக இருந்தால் அறுக்கலாம். இது காணிக்கை முடிச்சு. இதே மாதிரி ஒரு முடிச்சு அவர் வீட்டு விட்டத்திலும் தொங்கியது. மகளுக்குக் காய்ச்சல் வந்து பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்தபோது மனைவி அங்கம்மா பால்குடம் எடுப்பதாக முடிந்து வைத்தது. மகள் பிழைத்துவிட்டாள். வீட்டில் கும்பிடுவதை லாஞ்சில் எப்படி அறுப்பது? தன்மீதே அவருக்கு ஆத்திரம் வந்தது.

ஜொகூர் பாருவில் மாரியம்மன் திருவிழா வந்தது. அன்று காலை பெண்களும் பிள்ளைகளுமாக முப்பது பேர் லாஞ்சில் ஏறினார்கள். அங்கம்மா மஞ்சள் சேலையும் மடியில் குடமுமாக நடுப்பலகையில் உட்கார்ந்தாள், மகள் பக்கத்தில். அய்யாவு வழியனுப்ப படகுத்துறைக்கு வந்தார். கிராணி கரையில் நின்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சின் ஓடியது. கூட்டத்தின் கனத்தில் தண்ணீர் கசிந்ததால் வேலு பம்பையும் போட்டான்.

கற்பூரம், பூ, மஞ்சள் வாசனைக்கு நடுவே அய்யாவுக்கு அந்த வாசனை வந்தது. கருகிய ரப்பர்.

அவர் லாஞ்சுக்குள் குதித்தார். யார் காலை மிதித்தார் என்று பார்க்கவில்லை. இடுப்புக் கத்தியை எடுத்து மஞ்சள் துணியை அறுத்தார். கைப்பிடி சட்டென்று விழுந்தது. இஞ்சின் இருமிக்கொண்டு நின்றது.

 எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வேலு அவர் சட்டையைப் பிடித்தான்.

"சாமி முடிச்சுண்ணே. இன்னைக்குப் போயி அறுத்துட்டீங்களே. நாசமாப் போயிருவீங்க."

"நான் போறேன்டா. இவங்க போகக்கூடாது."

"திரும்பக் கட்டு வேலு," என்றார் கிராணி கரையிலிருந்து. "அய்யாவு, நீர் இறங்கும். நாளைக்கு உமக்கு இஞ்சை வேலையில்லை."

அங்கம்மா எழுந்தாள். மற்றவர்கள் திட்டியதெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை. இவள் சொன்னது உறைத்தது.

"எம் புள்ள உசுருக்கு நேந்துக்கிட்டுப் போறேன். ஆத்தா முடிச்சுல கத்திய வைக்க உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? ஊரெல்லாம் உங்கள பைத்தியங்குது. நானும் அதையே சொல்லணுமா?"

"சொல்லு. சொல்லிட்டு, நீ உட்கார்ந்த பலகைக்கு அடியில கைய விட்டு அந்தக் கம்பியத் தொட்டுப் பாரு. கரண்டு நின்னுபோச்சு, பயப்படாத. தொடு."

கோபத்தில்தான் குனிந்தாள், அவர் சொன்னார் என்பதற்காக அல்ல. கையை விட்டுக் கம்பியைப் பிடித்தவள் அலறிக்கொண்டு உதறினாள். கருகி உருகிய ரப்பர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. தோல் சிவந்து பொங்கியது. அவள் மறுபடி குனிந்து எட்டிப் பார்த்தாள். கம்பிக்கு ஒரு சாண் தள்ளி மண்ணெண்ணெய்த் தகரம் இருந்தது. அதற்கு மேலேதான் மகள் உட்கார்ந்திருந்தாள்.

அங்கம்மா மகளைத் தூக்கிக்கொண்டு கரையேறினாள். அடுத்தவள் குனிந்து பார்த்தாள், அவளும் இறங்கினாள். சற்று நேரத்தில் லாஞ்சில் வேலுவும் அய்யாவும் மட்டும் நின்றார்கள்.

கிராணி தொண்டையைச் செருமினார். "எவ்வளவு நேரமாகும்?"

அய்யாவு பலகைக்கு அடியில் குனிந்தார். தகரத்தைத் தூக்கிக் கரையில் வைத்தார். பம்புக் கம்பியை மின்பலகை ஓரத்திலேயே வெட்டி எறிந்தார். பத்து நிமிட வேலை. தண்ணீரை வாளியால் தானே இறைத்துவருவதாகச் சொன்னார். கைப்பிடியை ஏற்றினார். அது விழாமல் நின்றது. இறங்கியவர்கள் மறுபடி ஏறினார்கள்.

லாஞ்சு போய்ச் சேர்ந்தபோது பால்குடங்கள் இன்னும் புறப்படவில்லை. அங்கம்மா வெந்த கையாலேயே குடத்தைப் பிடித்தாள். அய்யாவு வழியெல்லாம் வாளியில் இறைத்ததால் முதுகு கழன்று கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆத்தாதான் வாசனையாக வந்து காப்பாற்றினாள் என்று உள்ளே வேலு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. கிராணி பழுதைத் தாமே கண்டுபிடித்ததாகத் துரைக்கு எழுதினார் என்பதும், அந்தப் பொய் வெளிவராமல் இருக்கத்தான் தன் வேலையைப் பறிக்கவில்லை என்பதும் பிறகு அவருக்குத் தெரிந்தது. அய்யாவு அதற்கும் ஒரு மாதம் பொருமினார்.

மாலையில் திரும்பும்போது வேலு புது மஞ்சள் துணியில் காசு முடிந்து எடுத்துவந்தான். நன்றிக் காணிக்கை. பயபக்தியோடு அதே கைப்பிடியில் சுற்றப் போனான். அய்யாவு வாய் திறப்பதற்குள் அங்கம்மா அவன் கையைப் பிடித்தாள். அவள் கையில் துணி சுற்றியிருந்தது.

"தம்பி, சாமிய இதோ இந்த ஆணியில கட்டு. அதுல கட்டாத. அது விழணும். அது விழுந்தாத்தான் நம்ம புள்ளைங்க கரையேறும்."

வேலு ஆணியில் கட்டினான்.

அய்யாவு அவளையே பார்த்தார். மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தி ஒருவர் தலையிலும் ஏறாதது, இவளுக்கு ஒரு கொப்புளத்தில் ஏறிவிட்டது. அந்தக் கொப்புளம் அவள் கையில் வந்திருக்கக் கூடாது. அந்தக் கோபம் மட்டும் அவருக்குச் சாகும்வரை தீரவில்லை.