செக்கர் பஞ்சாட்சரத்தை செக் பண்ணிய கதை

பஞ்சாட்சரம் எனக்கு நண்பன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப் போவதைக் கேட்டால் யாருக்கும் அப்படித் தோன்றாது.

ஆம்பூரில் நாங்கள் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் அவன் ஃபைனல் செக்கர், நான் பேக்கிங் சூப்பர்வைசர். அவன் பார்த்து அனுப்பும் ஷூவைத்தான் நான் பெட்டியில் போடுகிறேன். ஆனாலும் நான் பெட்டி கட்டி டேப் ஒட்டிய பிறகு வந்து நிற்பான். "ஷோயப் பாய், அந்த அட்டப்பெட்டிய பிரி" என்பான். அவன் சட்டைப் பையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் சுருள் ஒன்று எப்போதும் இருக்கும். தையல் விலகியிருந்தால் அங்கே ஓர் அம்பு. பசை பிதுங்கியிருந்தால் அங்கே ஓர் அம்பு. அம்பு விழுந்த ஷூவுக்கு இரண்டே கதி. சரிசெய்ய முடிந்தால் ரீவொர்க், முடியாவிட்டால் ரிஜெக்ட்.

வெளியிலும் அந்தக் கை சும்மா இருக்காது. என் மகள் கல்யாணத்தில் பிரியாணி தேக்சாவின் நசுங்கிய மூடியில் ஒரு சிவப்பு அம்பு இருந்தது. யார் ஒட்டியது என்று யாரும் கேட்கவில்லை. என்றைக்காவது ஒருநாள் அவன்மேலேயே ஓர் அம்பை ஒட்டிவிட வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை.

அவன் மகள் தமிழினி போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். அடுத்தது ஓட்டம். விடியும் முன்னால் பள்ளிக்கூட கிரவுண்டில் ஓடிப் பழக வேண்டும். துணைக்கு ஆள் இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று அவள் அம்மா கோவிந்தம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். துணைக்கு வீட்டில் பஞ்சாட்சரத்தை விட்டால் வேறு ஆள் கிடையாது. அவனோ, வாட்ச்மேன் மாதிரி உட்கார மாட்டேன், நானும் கூடவே ஓடுவேன் என்று வீம்பு பிடித்தான்.

"மாடி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்குது. மொதல்ல டாக்டர பாரு, அவங்க சரின்னா கிரவுண்டுக்கு வா. இல்லாங்காட்டி வராத" என்றாள் தமிழினி.

அன்றைக்குக் கம்பெனியில் என் மேசைக்கு வந்தவனின் முகமே சரியில்லை.

"பாய், டாக்டர் என்ன ரிஜெக்ட் பண்ணிட்டா புள்ள ஓட்டம் போச்சு. எப்டியாச்சும் பாஸாவணும்."

இத்தனை வருஷம் பிறர் திருட்டைப் பிடித்தவன் அல்லவா, எல்லாத் திருட்டும் அவனுக்கு அத்துப்படி. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் சோதிக்க வரும் நாளில் லைன் ஆட்கள் என்னென்ன தில்லுமுல்லு செய்வார்களோ, அத்தனையையும் தன் உடம்பிலேயே செய்தான். மீசைக்கு மை போட்டான். தொப்பையை ஒரு பெல்ட்டால் இறுக்கி, மேலே தொளதொள சட்டை போட்டான். கிளினிக் முதல் மாடியில் இருந்ததால் மூச்சு சீராக நேரம் வேண்டுமென்று கதவு திறப்பதற்கு முன்பே ஏறிப்போய் மேல்படியில் உட்கார்ந்தான். எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தான். "அவங்க இன்னா கேட்டாலும் இல்லன்னு சொல்லு."

நான் அவனோடு போனது நட்புக்காக மட்டுமில்லை. அவன் மாட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றும் போனேன்.

டாக்டர் அஃப்ரோஸ் எங்கள் ஊர்ப் பெண். அவருடைய அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பு இருந்தது. பி.பி. பட்டையைக் கையில் சுற்றியதும் பஞ்சாட்சரம் பரீட்சை ஹாலில் உட்கார்ந்தவன் மாதிரி விறைத்துவிட்டான். அளவைப் பார்த்த டாக்டர் கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சட்டையை விலக்கினார். பெல்ட்டு தெரிந்தது.

"இது இன்னா?"

"இடுப்பு வலிங்க மேடம்."

"கழட்டுங்க."

கழற்றினான். அதுவரை உள்ளே அடங்கிக் கிடந்தது முழுவதும் நிம்மதியாக வெளியே வந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தேன்.

அடுத்து, காலில் வீக்கம் இருக்கிறதா என்று கணுக்காலை அழுத்திப் பார்த்தார். பாதத்தைத் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். குதிகால் வெடிப்பு எல்லாவற்றிலும் பழுப்பு நிறத்தில் மெழுகு அடைத்திருந்தது. தோலில் கீறல் விழுந்தால் மறைக்கப் பூசும் கம்பெனி மெழுகு.

"ஏங்க, டச்-அப் பண்ணிக்கிட்டு வந்திருக்கீங்களா? எங்க அப்பா ஷாப்புல வளந்தவ நான். என்கிட்டயே இந்த வேலையா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்து இருமுவதுபோல் நடித்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவன் பிரித்த அத்தனை அட்டைப்பெட்டிகளையும் மன்னித்துவிட்டேன்.

அப்போதுதான் டாக்டர் கேட்டார். "படி ஏறும்போது நெஞ்சு அடைக்குதா?"

"இல்லவே இல்லைங்க மேடம்" என்றான்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க பாய்."

அவன் என்னைப் பார்த்தான். 'இல்ல' என்று சொல்ல வாயைத் திறந்தேன். போன மாசம் கம்பெனியில் லிஃப்ட் ரிப்பேரான அன்றைக்கு இவன் படியேறி வந்து, என் மேசையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து நின்றது ஞாபகம் வந்தது. வாயுப் பிடிப்பு என்றான். நானும் நம்பிவிட்டேன். இப்போது சிரிப்பெல்லாம் போய் எனக்குப் பயமாக இருந்தது. இவன் போய்விட்டால் என் பெட்டியை யார் பிரிப்பார்?

"அடைக்குது டாக்டரம்மா. நான் பாத்தேன்."

"துரோகி" என்றான் பஞ்சாட்சரம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள், போலீஸ் வேலை, கிரவுண்டு, கோவிந்தம்மாள் போட்ட சட்டம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"நெஞ்சடைப்ப மறைச்சிட்டு ஓடி, நீங்க கிரவுண்டுல விழுந்துட்டீங்கன்னா? உங்க பொண்ணு ஓடுவா. ஆம்புலன்ஸ கூப்ட ஓடுவா. அதுக்கா இவ்ளோ மெனக்கெடறீங்க?"

அவன் கழற்றிய பெல்ட்டைக் கையில் சுருட்டத் தொடங்கினான்.

அவனுடைய சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஸ்டிக்கர் சுருளை டாக்டர் எடுத்தார். ஓர் அம்பைப் பிய்த்து அவன் நெஞ்சுக்கு நேராக ஒட்டினார். "இது ரிஜெக்ட் இல்ல. ரீவொர்க். அவ ஓடட்டும், நீங்க உக்காந்து பாருங்க, போதும்."

நான் இத்தனை வருஷம் ஆசைப்பட்ட வேலையை அந்தம்மா நொடியில் முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

அங்கேயே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பிறகு வேலூர் ஆஸ்பத்திரியில் மெஷின்மேல் நடக்கவைத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, அடைப்பு இல்லை. பி.பி.தான் ஜாஸ்தி. மாத்திரை, உப்பு கம்மி, மெதுவான நடை என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் விஷயத்தைக் கேட்ட தமிழினி, "உன்ன யாருப்பா ஓடச் சொன்னா? நீ அங்க வந்து உக்காந்தா போதாதா?" என்று அழுதுகொண்டே திட்டினாள்.

மறுநாளிலிருந்து அவள் ஓடினாள், இவன் நடந்தான். நடக்கிற ஆளுக்கு வாய் சும்மா இருக்குமா? "எடது முழங்கை வெளிய போவுது!" "தோள எறக்கு!" என்று கத்திக்கொண்டே நடப்பான். ஒருநாள் அவள் முழங்கையில் அம்பே ஒட்டிவிட்டான். அவள் அதைப் பிய்த்து அவன் நெற்றியில் ஒட்டிவிட்டு ஓடிப் போனாள்.

உடல் தகுதித் தேர்வில் தமிழினி தேறிவிட்டாள். அந்த வாரமே பஞ்சாட்சரத்துக்கு மறு பரிசோதனை. பி.பி. இறங்கியிருந்தது. மெதுவாக ஒரு சுற்று ஓடிப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

"அப்ப நான் ஏ கிரேடா மேடம்?"

"பி கிரேடு. எக்ஸ்போர்ட்டுக்கு ஆவாது, உள்ளூர்ல விக்கலாம்."

மறுநாள் காலை கிரவுண்டுக்கு என்னையும் இழுத்துப் போனான். அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு சுற்று ஓடினார்கள். ஓட்டம் என்று சொல்லக் கூடாது. பக்கத்தில் நடந்துபோன ஒரு பெரியவர் அவர்களைத் தாண்டிப் போனார். அவன் வேகத்துக்குத் தமிழினி தன் காலைக் கட்டிப்போட்டு வந்தாள், ஒரு வார்த்தைகூடக் கேலி செய்யவில்லை.

சுற்றை முடித்து, வேர்த்து ஒழுக, என் முன்னால் வந்து நின்றான். சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து என் கையில் கொடுத்தான். "நீ பாரு பாய்."

கீழிருந்து மேல்வரை பார்த்தேன். முட்டி வளைந்திருந்தது. தொப்பை பெல்ட்டு இல்லாமல் தொங்கியது. மீசை மை வேர்வையில் கரைந்து மோவாய்வரை வந்திருந்தது. ஒட்ட இடமா இல்லை? ஆனால் மூச்சு மட்டும் சீராக வந்து போனது. சுருளைத் திரும்ப அவன் பையிலேயே போட்டேன்.

"பாஸ்" என்றேன்.

அவன் நம்பவில்லை. "சரியா பாத்தியா பாய்?" என்றான்.